வயல் ஓரத்துக் காருக்குக் கழுவிப் போடும் ஏர் ஃபில்டர்: தேர்வு முதல் பராமரிப்பு வரை

சென்ற மாசியில் காரின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி நெல் இருந்தது. நல்ல சம்பா நெல். பாதி மணிகளில் அரிசி இல்லை, உமி மட்டும் கிடந்தது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாக எலி ஏறி வந்து என் காரைக் குதிராக்கிக்கொண்டிருக்கிறது. ஃபில்டரின் ஒரு மூலையையும் கொறித்துப் பார்த்துவிட்டு, கம்பி வலை பல்லில் இடறியதும் விட்டுவிட்டது. நெல்லைக் கொட்டிவிட்டு மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். பதர்த் துணுக்குகள், உடம்பில் பட்டால் அரிக்கும் சுணை, விளக்கு வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும் பச்சைத் தத்துப்பூச்சிகள், எல்லாவற்றுக்கும் அடியில் விரலால் தொட்டால் முகப் பவுடர்போல் வழுக்கும் வண்டல் தூசு. ஓர் ஆண்டு விவசாயமே அந்த மடிப்புகளுக்குள் இருந்தது.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குத் தினமும் போய்வருகிறேன். ஐந்தாண்டுகளாகக் கழுவிப் போடும் ஃபில்டர்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாங்குவதால் காரின் வேகம் கூடாது, பெட்ரோலும் மிஞ்சாது. ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று கூடுதலாகச் சேரும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவருக்கு இது நல்ல பொருள். செய்யாதவர் காரில் இது காகித ஃபில்டரைவிட ஆபத்தானது.

90 லட்சம் லிட்டர் காற்று

பெட்ரோல் சரியாக எரிய, எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று 11 கிலோ, அதாவது 9,000 லிட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் 1,000 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், 90 லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். டீசல் என்ஜினுக்கு இன்னும் பெரிய வாய். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலும் அது சிலிண்டரை ஏறக்குறைய முழுக் காற்றால் நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் ஒரே சாலையில் ஓடினாலும் டீசல் வண்டியின் ஃபில்டர் முதலில் அடைகிறது.

அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் ஊரில் முக்கியம். ஆற்று மணலிலும் வண்டலிலும் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. கத்தி எஃகு 5.5 அளவில்தான் நிற்கிறது. குவார்ட்ஸ் என்பது சிலிக்காவின் ஒரு வடிவம், நெல் உமியிலேயே சிலிக்கா உண்டு. அதை எரித்த சாம்பலிலோ பெரும்பாலும் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்காதான். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் காரை நிறுத்துகிறவர்கள் கண்ணாடியில் படியும் கருஞ்சாம்பலைத் துணியால் துடைத்தால் கீறல் விழுவதைக் கண்டிருப்பார்கள். அதே பொடி பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே போனால் அங்கும் கீறத்தான் செய்யும்.

கண்ணுக்குத் தெரியும் பதரும் பூச்சியும் என்ஜினுக்குப் பெரிய கெடுதல் அல்ல, எந்த ஃபில்டரும் அவற்றைப் பிடித்துவிடும். கெடுதல் எல்லாம் 5 முதல் 20 மைக்ரான் வரையிலான நுண்தூசியால். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்றால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வளையத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலமும் சில மைக்ரான் தடிமன்தான். அந்தப் படலத்தில் நின்று அரைக்கும் அளவு இந்தத் தூசுக்கு இருக்கிறது. சத்தமோ அறிகுறியோ இல்லாமல் தேய்மானம் நடக்கும். எண்ணெய் குறைவதும் நீலப்புகை வருவதும் பல்லாயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான்.

மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை. அடைத்த ஃபில்டர் பெட்ரோலைத் தின்னும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் முறையில் இயங்கும் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. முழுவேகத்தில் முடுக்கும் திறன்தான் குறைந்தது. ஆகவே மைலேஜ் கூடும் என்ற ஆசையில் யாரும் இதை வாங்க வேண்டாம்.

என்னென்ன வகை

காகித ஃபில்டர் எல்லோருக்கும் தெரிந்தது. நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும், விலை மலிவு, அழுக்கானால் எறிந்துவிடலாம். நனைந்தால் மட்டும் ஊறி உருக்குலையும்.

கழுவிப் போடுவதில் மூன்று வகை உண்டு. முதலாவது எண்ணெய் பூசிய பருத்தி. நான்கைந்து அடுக்குப் பருத்தி வலைத்துணியைக் கம்பி வலைகளுக்கு நடுவே மடித்து வைத்து, சிவப்பு நிறம் சேர்த்த பிசுபிசுப்பான எண்ணெயில் நனைத்திருப்பார்கள். துணியின் கண்கள் பெரியவை, தூசியைப் பிடிப்பது எண்ணெய்தான். 1969-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் இதைப் பிரபலப்படுத்தியது. இத்தாலியின் பிஎம்சியும் இதே வகை. எண்ணெய் கொண்டு தூசு பிடிப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பழைய டிராக்டர்களின் ஏர் கிளீனரில் அடியில் எண்ணெய்க் கிண்ணம், மேலே கம்பி வலை என்றுதான் இருக்கும். கிண்ணத்து எண்ணெய் சேறானதும் கொட்டிவிட்டு மாற்றுவார்கள். அதே தத்துவத்தைக் காருக்குத் தட்டையாக்கித் தந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, எண்ணெய் வேண்டாத செயற்கை இழை. கழுவிக் காயவைத்து மாட்டினால் போதும். மூன்றாவது நுரைப்பஞ்சு, இங்கிலாந்தின் பைபர்கிராஸ் இதில் பெயர் பெற்றது. பெரும்பாலான நுரைப்பஞ்சு ஃபில்டர்களுக்கும் எண்ணெய் வேண்டும். ஆண்டுகள் போகப்போக நுரை பொடிந்து உதிர்வதும் உண்டு, நம் வெக்கைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும் முன்

முதலில் உங்கள் காரின் சென்சாரைத் தெரிந்துகொள்ளுங்கள். சில கார்களில் ஃபில்டருக்கு அடுத்த குழாயிலேயே காற்றளவு சென்சார் இருக்கும். சூடேறிய மெல்லிய இழை ஒன்றைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து அது கணக்கிடுகிறது. வேறு சில கார்களில் அந்தச் சென்சார் கிடையாது, உட்குழாயின் அழுத்தத்தை அளந்து கணினியே கணக்குப் போட்டுக்கொள்ளும். முதல் வகைக் காரில் எண்ணெய் அளவுக்கு மீறினால் இழையில் படிந்து கணக்கைக் கெடுக்கும். உங்கள் கார் எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டால் பெட்டியைத் திறந்த ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இழைச் சென்சார் இருந்தால், எண்ணெய் விஷயத்தில் உங்கள் கை மீது உங்களுக்கே நம்பிக்கை இல்லாவிட்டால், உலர் வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூசு பிடிக்கும் திறன். விளம்பரங்களில் எவ்வளவு காற்று போகிறது என்பதைத்தான் பெரிதாக எழுதுவார்கள். கேட்க வேண்டியது, ஏர் ஃபில்டர்களுக்கான சர்வதேசச் சோதனை முறையான ஐஎஸ்ஓ 5011-இல் எத்தனை விழுக்காடு தூசியைப் பிடித்தது, சோதித்தது நுண்தூசியிலா பருந்தூசியிலா என்பதை. 99 என்பதும் 97 என்பதும் பக்கத்துப் பக்கத்து எண்போலத் தெரியும். 100 கிராம் தூசு வந்தால் முன்னதில் 1 கிராம் உள்ளே போகும், பின்னதில் 3 கிராம். மூன்று மடங்கு! எண்ணைச் சொல்லாத நிறுவனத்தின் ஃபில்டரை, எவ்வளவு அழகான சிவப்பாக இருந்தாலும், கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்தும் தட்டை வடிவத்தையே வாங்குங்கள். கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தவெளியில் மாட்டிக்கொண்டு உறுமும் இளைஞர்களைக் கும்பகோணம் சாலையில் பார்க்கலாம். அது என்ஜின் சூட்டில் கொதித்த காற்றை இழுக்கும், கார்த்திகை மழையில் சாலைத் தண்ணீரையும் இழுக்கும். சத்தம் ஒன்றுதான் லாபம்.

கடையில் கையில் வாங்கியதும் நான் பார்ப்பது ரப்பர் விளிம்பை. முழுச் சுற்றும் ஒரே தடிமனாக, வளைத்தால் வெடிக்காமல் இருக்க வேண்டும். மடிப்புகள் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். பெட்டியில் வைத்து மூடினால் எல்லா கிளிப்புகளும் வற்புறுத்தாமல் விழ வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால், எத்தனை விழுக்காடு பிடிக்கும் ஃபில்டராக இருந்தாலும் பயனில்லை, காற்று இடுக்கு வழியாகவே போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இருப்பவர்கள் கம்பி வலையையும் பார்க்க வேண்டும். பூச்சு இல்லாத இரும்பு வலை உப்பளக் காற்றில் ஓராண்டில் துருவேறும். சுத்தக் காற்றுப் பக்கத்து வலையிலிருந்து துரு உதிர்ந்தால் அதைத் தடுக்க அடுத்து எதுவும் இல்லை, நேரே என்ஜினுக்குள் போகும்.

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காராக இருந்தால் சர்வீஸ் மையத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு மாட்டுங்கள்.

பணக் கணக்கு. சிறிய காரின் காகித ஃபில்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் தூசுக்கு ஆண்டுக்கு இரண்டு மாற்றினால் 800. கழுவும் ஃபில்டர் 5,000, அதைக் கழுவும் திரவமும் எண்ணெயும் 2,000 என்றால் முதலீடு 7,000. போட்ட பணத்தை எடுக்க ஒன்பது ஆண்டு ஆகும். உங்கள் காருக்கான விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். காகித ஃபில்டரே விலை அதிகமாக இருக்கும் பெரிய வண்டிகளிலும், அறுவடைக் காலத்தில் மாதம் ஒன்று மாற்ற வேண்டிய நிலையில் ஓடும் வண்டிகளிலும்தான் கணக்கு திரும்புகிறது. தஞ்சாவூர் நகருக்குள்ளேயே ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு என் ஆலோசனை காகிதம்தான். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

கிலோமீட்டர் அல்ல, போகம்

சில பெட்டிகளில் 80,000 கிலோமீட்டர் வரை கழுவ வேண்டியதில்லை என்று போட்டிருப்பார்கள். கூடவே சிறிய எழுத்தில், தூசு அதிகமான இடத்தில் முன்னதாகவே பார்க்கவும் என்றும் இருக்கும். அந்தச் சிறிய எழுத்துதான் நமக்கு. டெல்டாவில் ஓடோமீட்டரை விட வயலைப் பார்த்தால் சரியாகத் தெரியும்.

தையிலும் மாசியிலும் சம்பா, தாளடி அறுவடை. அறுவடை இயந்திரம் வயலுக்குள் ஓடும்போது எழும் சுணைப்புகை சாலை வரை வரும். நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் தூற்றுவார்கள், தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். பங்குனியில் உளுந்தையும் பயறையும் செடியோடு சாலையில் பரப்பிவைத்து நம் டயர்களையே போரடிக்க வைப்பார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, ஃபில்டருக்குத்தான் வேலை கூடும். சித்திரை, வைகாசியில் வாய்க்கால் தூர்வாரும் வண்டல் டிப்பரிலிருந்து சிந்திக் காய்ந்து மாவாகும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வயலுக்கு ஏறிய பிறகுகூட, ஆடிக் காற்று சாலையோர மண்ணைக் கிளப்பிக்கொண்டிருக்கும். புரட்டாசியில் குறுவை அறுவடை. ஐப்பசி பிறந்தால் தூசு அடங்கி ஈரம் ஆரம்பிக்கும்.

இதை வைத்து நான் கழுவுவது இரண்டு முறை. பங்குனிக் கடைசியில் ஒன்று. புரட்டாசியில் குறுவை முடிந்து, மழை பிடிக்கும் முன் இன்னொன்று. ஐப்பசியில் கழுவினால் காயாது. முதல் ஆண்டு அடைமழையில் கழுவி, இரண்டு நாள் வீட்டுக் கூடத்தில் கொடியில் தொங்கவிட்டும் ஈரம் போகவில்லை.

நடுவே மாதம் ஒருமுறை திறந்து பார்க்கலாம், தொடக் கூடாது. அழுக்குப் பக்கத்துக் கம்பி வலை பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் நாளிருக்கிறது. தூசுப்படலம் வலையை மூடி, மடிப்பின் விளிம்பே மழுங்கித் தெரிந்தால் கழுவ வேண்டும். கொஞ்சம் தூசு படிந்த ஃபில்டர் புதிதைவிட நன்றாகவே நுண்தூசியைப் பிடிக்கும், படிந்த தூசே அடுத்து வரும் தூசுக்கு வலையாகிவிடுகிறது. சுத்தப் பைத்தியம் பிடித்து மாதாமாதம் கழுவுகிறவர் தன் என்ஜினுக்குக் கெடுதல்தான் செய்கிறார்.

கழுவும் நாள்

காலையிலேயே தொடங்குங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். அன்று கார் வேண்டியிருந்தால் மாட்டிக்கொள்ள ஒரு காகித ஃபில்டர் கையில் இருக்கட்டும், இதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. ஃபில்டர் இல்லாமல் பக்கத்துக் கடை வரை போய்வருகிறேன் என்று கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பெட்டியைத் திறக்கும் முன் மூடியைச் சுற்றியுள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கிளிப்புகளைத் தளர்த்தி ஃபில்டரை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால் தொல்லை இல்லை. என்ஜினுக்குப் போகும் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். துணி பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும், கறுப்புத் துணியை அடைத்துவிட்டு மறந்து மூடியவர்கள் உண்டு. பெட்டியின் அடியில் கிடக்கும் பதரையும் மண்ணையும் ஈரத்துணியால் வழித்து எடுங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதினால் அந்த மண் பறந்து, நீங்கள் அடைத்த துணியின் ஓரமாகவே உள்ளே போகும்.

ஃபில்டரைத் தரையில் ஓங்கி அடிக்காமல் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, பெரிய குப்பையை மெல்லிய தூரிகையால் தள்ளிவிடுங்கள். பிறகு அதற்கென்று விற்கும் கழுவும் திரவத்தை இரண்டு பக்கமும் நனையத் தெளித்து 10 நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் கூடவே கூடாது, ரப்பர் விளிம்பு உப்பிப்போகும், மடிப்பை ஒட்டிய பசையும் விட்டுவிடும். துணி துவைக்கும் சோப்புத் தூளும் வேண்டாம்.

அலசும்போது தண்ணீர் சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்குப் போக வேண்டும். மாற்றி ஊற்றினால் தூசியைத் துணிக்குள்ளேயே திணிக்கிறீர்கள். குழாயில் மெதுவாக விழும் தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து அடிக்கச் சொல்லாதீர்கள். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடும், பிறகு இளஞ்சிவப்பாகும், கடைசியில் தெளியும். தெளியும் வரை விடாதீர்கள். கடலோரத்தில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிக்கும் தண்ணீர் இரண்டு குடம் எடுத்து வையுங்கள்.

உதறிவிட்டு நிழலில் காயப்போடுங்கள். பங்குனியில் காலையில் வைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். வெயிலில் வைத்தால் ரப்பர் இறுகும். கம்ப்ரசர் காற்று பருத்தியைக் கிழிக்கும். ஒருமுறை ஓர் ஒர்க்‌ஷாப்பில் வேறு வேலைக்காகக் காரை விட்டிருந்தேன். திரும்ப எடுக்கப் போனபோது பையன் பெருமையோடு சொன்னான்: “ஃபில்டருக்கும் காற்று அடித்துவிட்டேன் சார், புதிதுபோல் ஆகிவிட்டது.” வீட்டுக்கு வந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். மடிப்பு ஒன்றின் நடுவே ஊசித் துளைகளாக நான்கு வெளிச்சப் புள்ளிகள். அந்த ஃபில்டர் அதோடு முடிந்தது. பையன் நல்லதைத்தான் நினைத்தான், அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அதிலிருந்து வண்டியை எங்கே விட்டாலும் பெட்டி மூடிமேல் ‘காற்று அடிக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காய்ந்ததும் நீங்களும் அப்படி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவு ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பளீரென்று ஒளி வந்தால் அது ஓட்டை.

உலர் வகையென்றால் இங்கேயே வேலை முடிந்தது. எண்ணெய் வகைக்கு இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே ஒரு கோடு எண்ணெய். அவ்வளவுதான். 20 நிமிடம் விட்டால் எண்ணெய் துணியில் தானே ஊறிப் பரவும், வெள்ளையாக இருந்த பருத்தி சிவக்கும். வெளுத்துத் தெரியும் திட்டுகளுக்கு மட்டும் இன்னொரு தொடுதல். பின்பக்கத்திலும் நிறம் லேசாக வந்திருந்தால் போதும். பிடித்து உதறினால் ஒரு சொட்டும் விழக் கூடாது, விழுந்தால் பழைய செய்தித்தாள்மேல் ஒரு மணி நேரம் சாய்த்து வையுங்கள்.

முதல் முறை நான் செய்தது வேறு. தோசைக்கல்லுக்கு எண்ணெய் விடுகிறவன்போல் தாராளமாக விட்டேன். எண்ணெய் அதிகமானால் தூசு அதிகம் பிடிக்கும் என்று எண்ணம். மூன்றாம் நாள் வடுவூர் ஏரிக்கரையில் என்ஜின் விளக்கு எரிந்தது, நின்றிருக்கும்போது என்ஜின் ஏறி இறங்கித் திணறியது. பெட்டியைத் திறந்தால் அடியில் சிவப்புக் குளம், சென்சார் இழையில் செந்நிறப் படலம். மெக்கானிக் அதற்கென்று உள்ள ஸ்பிரேயைத் தெளித்து, இழையைத் தொடாமல் காயவைத்துக் கொடுத்தார். விளக்கு அணைந்தது. “எண்ணெய் அதிகமானால் பலகாரமும் கெடும் சார்” என்றார்.

ஃபில்டர் எண்ணெயையே பயன்படுத்துங்கள். அது ஒட்டும் தன்மைக்கென்றே தயாரிக்கப்பட்டது, நிறம் சேர்த்திருப்பதும் எங்கே பட்டது எங்கே படவில்லை என்று தெரிவதற்காக. என்ஜின் ஆயில் ஒட்டாமல் வழிந்துவிடும். என் மைத்துனர் நல்லெண்ணெய் தடவலாமா என்று கேட்டார். சமையல் எண்ணெய் சூட்டில் பிசினாக இறுகும், சிக்குப் பிடித்த வாசனை வரும், எலிக்கு விருந்து வைத்ததும் ஆகும்.

மாட்டிய பிறகு வெள்ளைத் துணி

மாட்டும் முன் ரப்பர் விளிம்பையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்துவிடுங்கள். குழாயில் அடைத்த துணியை எடுத்தாயிற்றா? ஃபில்டரை வைத்து, சுற்றிலும் விரலால் அழுத்தி, எதிரெதிர் கிளிப்புகளாக மாட்டுங்கள்.

பிறகு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். ஃபில்டருக்கு அடுத்து என்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உட்சுவரை வெள்ளைப் பருத்தித் துணியால் ஒரு முறை துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் எல்லாம் சரி. மங்கலான எண்ணெய்க் கறை மட்டும் என்றால் அடுத்த முறை எண்ணெயைக் குறையுங்கள். விரலில் நறநறக்கும் மண் வந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது எங்கோ ஓட்டை. அன்றே காகித ஃபில்டருக்கு மாறிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். இந்த ஒரு சோதனை விளம்பரத்து எண்கள் எல்லாவற்றையும்விட உண்மை பேசும். புதிய ஃபில்டர் வாங்கிய முதல் மாதத்திலும் இதைச் செய்து பாருங்கள்.

தண்ணீரும் எலியும்

கார்த்திகையில் சாலைமேல் தண்ணீர் ஓடும்போது கார் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி சாவி போடாதீர்கள். தள்ளிக் கரையேற்றி ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, வற்புறுத்திச் சுற்றினால் பிஸ்டனை இணைக்கும் தண்டு வளையும். அந்த நிலையில் மெக்கானிக் வரும்வரை காத்திருப்பதுதான் மலிவு. லேசான ஈரம் மட்டும் என்றால் காயவைத்து, எண்ணெய் வகையானால் கழுவி மறுபடி எண்ணெய் விட்டு மாட்டுங்கள்.

தூக்கி எறிய வேண்டிய நேரமும் உண்டு. ரப்பர் விளிம்பை மடக்கினால் விரிசல் தெரிவது, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாய்வது, கம்பி வலையில் துரு, வெளிச்சத்தில் ஓட்டை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வாழ்நாள் உத்தரவாதம் என்று பெட்டியில் எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள்.

எலிக்கு நான் கண்ட வழி, காற்று உறிஞ்சும் குழாயின் வெளிவாயில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை வளைத்துக் கவ்வி போட்டு இறுக்குவது. கொசுவலைபோல் நெருக்கமானதைக் கட்டினால் சுணை படிந்து ஒரே வாரத்தில் வாயே அடைபடும். அறுவடை மாதங்களில் காரை வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் தள்ளி நிறுத்துவதும் நல்லது. வலை கட்டிய பிறகு ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு மணி நெல்லும் வரவில்லை. போன வாரம் பானட்டைத் திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில், வயர்களுக்கு நடுவே, அழகாகக் குவித்து வைத்திருக்கிறது.